சந்தனப் பொட்டு வச்ச பென்டிரைவ்

எங்க கம்பெனிக்கு நாலு அடுக்குப் பாதுகாப்பு. இன்டர்நெட் உள்ள வாற இடத்துல ஒண்ணு, மெயிலுக்கு ஒண்ணு, சர்வருக்கு ஒண்ணு, அப்புறம் ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் ஆன்டிவைரஸ். எல்லாம் நான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிப் போட்டது. "கல்லிடைக்குறிச்சியில அப்பளம் விக்குதவனுக்கு இதெல்லாம் எதுக்கும்மா கரோலின்?"ன்னாரு முதலாளி நமச்சிவாயம் அண்ணாச்சி. வெளிநாட்டு ஆர்டர் பூரா கம்ப்யூட்டர்லதான இருக்குன்னேன். சரின்னாரு. அதை நிறுத்துத பாஸ்வேர்டு என்கிட்ட மட்டும் இருந்துச்சு. கையோட, "என் கம்பெனில எனக்குத் தெரியாம ஒரு பாஸ்வேர்டா?"ன்னு அதையும் கேட்டு வாங்கிக்கிட்டாரு.

இவ்வளவு இருந்தும் ஒரு திங்கக்கிழமை வைரஸ் வந்துட்டு. பில்லு, ஸ்டாக்கு, ஆர்டரு ஒண்ணும் திறக்கல. நல்ல காலம், தனியா ஒரு நகல் எடுத்து வச்சிருந்தேன். ஒவ்வொரு மிஷினா அழிச்சு, அதுல இருந்து திரும்ப ஏத்தி, அந்த வாரம் பூரா எனக்கு அதே சோலி. பாளையங்கோட்டையில வீடு போய்ச் சேர்ந்தா சோத்துத் தட்டு முன்னாடியே கண்ணு சொக்கும்.

பில்லிங் மிஷினைக் கழட்டும்போதுதான் பார்த்தேன். பின்னால ஒரு பென்டிரைவ் சொருகிக் கிடக்கு. அதுல சந்தனப் பொட்டு, நடுவுல குங்குமம். ஏசப்பா! எங்க ஆபீஸ்ல பென்டிரைவுக்குப் பொட்டு வைக்குத ஆளு ஒருத்தர்தான்.

அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம். அன்னன்னைக்கு முதல் பில்லை அவர் கையாலதான் போடுவாரு. அதுவும் ராகுகாலத்துக்கு முன்னால, பென்டிரைவுல இருந்து சாமி பாட்டு பாடிக்கிட்டு இருக்கணும். திங்கக்கிழமைன்னா ஏழரைக்குள்ள. நான் வாறது ஒன்பது மணிக்கு. அந்நேரம் அங்கன இருக்கது பில்லிங் பாக்குத நாகலக்ஷ்மி மட்டும்தான்.

அவளைக் கேட்டேன். பைய சொன்னா: "ஆன்டிவைரஸ் பென்டிரைவைச் சோதிச்சு முடிக்கதுக்குள்ள ராகுகாலம் வந்துருதுக்கா. அதான் அண்ணாச்சி பாஸ்வேர்டு போட்டு அதை நிறுத்திட்டு சொருகுதாரு. இந்தப் பாட்டு யாரோ புதுசா ஏத்திக் கொடுத்தாங்களாம்."

"ஏளா, நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வேலை போயிரும்க்கா."

எனக்கு வந்த ஆத்திரம்! நாலு அடுக்கு போட்டு நான் காவல் காத்தா, வைரஸ் அண்ணாச்சி சட்டைப் பையில சொகமா உக்காந்து வந்திருக்கு.

சனிக்கிழமை அண்ணாச்சி எல்லாரையும் கூப்பிட்டாரு. எந்தக் கம்ப்யூட்டர் வழியா வந்துச்சுன்னாரு. பில்லிங்னு நான் சொல்லி வாய் மூடல, நாகலக்ஷ்மி பக்கம் திரும்பிட்டாரு. "திங்கக்கிழமையில இருந்து நீ வர வேண்டாம்மா."

அவ அப்பா இடுப்பொடிஞ்சு படுத்துக் கிடக்காரு. வீடு ஓடுதது இவ சம்பளத்துல. அண்ணாச்சி மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிக்கா. எனக்குப் பொறுக்கல. பென்டிரைவை எடுத்து மேசையில வச்சேன்.

"இதுல இருந்துதான் அண்ணாச்சி."

அவர் கையில எடுத்தாரு. பழக்க தோஷத்துல கண்ணுல ஒத்திக்கிட்டாரு. அப்புறம்தான் மூஞ்சி மாறிச்சு. "சாமி பாட்டுல வைரஸ் வருமா?"

"பாட்டுல வரல. பாட்டோட கூட வந்திருக்கு. நீங்க ஆன்டிவைரஸை நிறுத்தினதால உள்ள வந்திருக்கு."

என் வேலையும் சேர்ந்து போச்சுன்னுதான் நினைச்சேன். அவர் பென்டிரைவைத் திரும்ப மேசையில வச்சுட்டு, "நாகு, போய் வேலையைப் பாரு"ன்னாரு. என்னைப் பார்த்து, "இனிமே நான் முதல் பில் போடும்போது நீ பக்கத்துல நிக்கணும்"னாரு.

அப்ப அஞ்சாவது அடுக்கு நான்தான். விளங்கிரும்!

திங்கக்கிழமை இருட்டோட எந்திச்சு கல்லிடைக்குறிச்சி வழியா போற பாபநாசம் பஸ்ஸைப் பிடிச்சேன். அண்ணாச்சி புது பென்டிரைவ் கொண்டு வந்திருந்தாரு. பொட்டு இன்னும் காயல. சொருகினதும் சோதனை ஓட ஆரம்பிச்சுது. அது அது பாட்டுக்கு ஊருது. மணி ஏழு இருபத்தஞ்சு. அவர் கை பைய மவுஸ் பக்கம் போச்சு.

"அண்ணாச்சி, கையை எடுங்க."

எடுத்துட்டாரு. ஏழரை அடிச்சுது. சோதனை முடியல. இந்த ஆபீஸ்ல ராகுகாலம் தாண்டி முதல் பில் போட்டதே கிடையாது. அவர் கடிகாரத்தைப் பார்த்தாரு, நாகலக்ஷ்மியைப் பார்த்தாரு. அப்புறம் நாற்காலியை விட்டு எந்திச்சாரு.

"நீ உக்காரு நாகு. ஒன்பதுக்கு மேல இன்னைக்கு முதல் பில்லை நீயே போடு."

அவ உக்காந்தா. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு, அதுக்கு மேல தூக்கம் வந்துச்சு.