சம்பந்தி முன்னால் பிரியாத காற்று

வெள்ளைச்சாமியின் வயிறு மத்தளம் மாதிரி வீங்கியிருந்தது. நர்ஸ் பிரகதீஸ்வரி விரலால் தட்டிப் பார்த்தாள். டொம் என்றது.

குடல் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. பாக்கி ஒன்றுதான், காற்றுப் பிரிய வேண்டும். பிரிந்தால் வெந்நீர், கஞ்சி, அப்புறம் வீடு. சாயங்காலம் டாக்டர் வருவதற்குள் பிரியாவிட்டால் மறுபடி மூக்கு வழியாகக் குழாய். அதற்கும் மசியாவிட்டால் இன்னொரு தடவை கத்தி.

"வருதுங்களாய்யா?"

"வருது," என்றார் குரலை அமுக்கி. "நாந்தான் விடல."

"ஏன்?"

வெள்ளைச்சாமி கண்ணாலேயே காட்டினார். கட்டிலைச் சுற்றி ஒரு வேன் நிறைய வந்த சனம். மகளைப் புதிதாகக் கட்டிக்கொடுத்திருந்த அரிமளத்துச் சம்பந்தி வீடு.

"இவங்க முன்னாடியா? எம் மக அந்த வீட்டுல எப்பிடித் தல நிமிந்து நடப்பா?"

பிரகதீஸ்வரி சம்பந்தி கண்ணுசாமியிடம் போனாள். "ஐயா ரெஸ்ட் எடுக்கணும். எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்களேன்."

"அதெப்பிடி சிஸ்டர்? சம்பந்தி ஒரு வாய் சாப்பிடுறதப் பாக்காம எந்திரிச்சுப் போனா ஊருல காறித் துப்பிருவாங்க."

அவர் சாப்பிட்டால்தான் இவர்கள் போவார்கள். இவர்கள் போனால்தான் அவர் விடுவார். விட்டால்தான் சாப்பாடு.

வராந்தாவில் நடக்கவைத்துப் பார்த்தாள். கண்ணுசாமி மரியாதையாக ட்ரிப்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி கூடவே நடந்தார். பின்னால் வேன் சனம். சாமி புறப்பாடு தோற்றது.

வாசலில் டாக்டரின் கார் சத்தம்.

பிரகதீஸ்வரி வெள்ளைச்சாமியைக் கட்டிலுக்குத் திருப்பிக் கொண்டுவந்து திரையை இழுத்தாள். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, தையல் வலிக்காமல் தலையணையை வைத்து அணைத்துப் பிடித்தாள். சளி உறிஞ்சும் மெஷினைப் போட்டாள். அது ரைஸ் மில் மாதிரி அலறியது.

"இப்ப விடுங்கய்யா. எமன் வந்து கூப்பிட்டாலும் கேக்காது."

வெள்ளைச்சாமி கண்ணை மூடினார். விட்டார்.

திரைக்கு வெளியே கண்ணுசாமி, "இந்த இரைச்சல்ல சம்பந்திக்கு மண்டை வலிக்கும்ல," என்று அக்கறையாக ப்ளக்கைப் பிடுங்கினார்.

மெஷின் நின்றது. வெள்ளைச்சாமி நிற்கவில்லை.

நீளமானது. நடுவில் ஒரு முறை சுருதிகூட மாறியது. முடிந்தபோது ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

வெள்ளைச்சாமியின் முகத்தில் உயிர் இல்லை. பிரகதீஸ்வரி யோசிக்கவே இல்லை. திரைக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"மன்னிச்சுக்கங்க. நான்தான். காலைலேருந்து வெறும் வயிறு."

கண்ணுசாமி தரையைப் பார்த்தார். அவர் மனைவி சின்னப்பிள்ளை மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தாள். "இந்த வயசுல இப்பிடியாத்தா? ஒன்னய எவன் கட்டுவான்?"

"கட்டுனவரு மஸ்கட்ல இருக்காருங்க. தப்பிச்சாரு."

வேன் சனம் கெக்கலித்தது. ஒருத்தி இன்னொருத்தி காதில் எதையோ சொல்ல, மறுபடியும் சிரிப்பு. பிரகதீஸ்வரி அசையாமல் நின்று வாங்கிக்கொண்டாள்.

திரை விலகியது. விலக்கியது வெள்ளைச்சாமி.

"சிரிக்காதீங்க. அந்தப் பிள்ளை எனக்காகப் பொய் சொல்லுது. அது என்னுது."

கண்ணுசாமி நிமிர்ந்தார். "அம்புட்டுமா?"

"அம்புட்டும். இன்னும் இருக்கு, சம்பந்தி. நீங்க இங்கயே இருந்தா ஒங்க முன்னாடிதான்."

கண்ணுசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். தன் ஆட்களைப் பார்த்து, "என்ன வேடிக்கை? அங்கிட்டு நடங்க," என்றார்.

வார்டு காலியானது. வயிற்றைத் தட்டிப் பார்த்த டாக்டர் வெந்நீர் கொடுக்கச் சொன்னார். பிரகதீஸ்வரி வெந்நீரை ஸ்பூனில் எடுத்து ஊதினாள்.

"மெதுவாங்கய்யா. மொத வாய்."