ஒரு தலை கூடுதல்

"அந்த அட்டவணைய மட்டும் இன்னொரு தடவ படிங்க," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கணினித் திரைக்கு நேராகக் குனிந்தார். முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியோ மூளை நோய்களை ஆராய்கிற டாக்டர். இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த மூளைகளைச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது கட்டி, இது மறதி நோய் என்று எழுதுகிறவள். எண்பது கட்டுரைகள் வெளியாகியிருந்தன. ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை.

இப்போது அவளுடைய இதயம் ஓய்ந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி போதும் என்று அவளே சொல்லி வீட்டுக்கு வந்து ஒன்பது நாள். கடைசிக் கட்டுரையின் அச்சுப்படியைத் திருத்தி ஐந்து மணிக்குள் பத்திரிகைக்கு அனுப்பியாக வேண்டும். அவளுக்கு எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. அதனால் காலையிலிருந்து அவர்தான் வாசித்துக்கொண்டிருந்தார், நீளமான வியாதிப் பெயர்களில் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று நின்று. ஓரிரு பெயர்களை அவர் உச்சரித்த அழகில் அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகிவிட்டது.

"அம்மாவக் கொஞ்சம் தூங்க விடுங்கப்பா," என்றாள் கட்டில் ஓரத்தில் இருந்த மகள். "கட்டுரை எங்க ஓடிப்போகுது?"

"தூங்கத்தானடி போறேன்," என்றாள் அவள். "நீங்க படிங்க."

அவர் வாசித்தார். கட்டி இருந்தவர்கள் இருபத்தாறு. மறதி நோய் இருந்தவர்கள் முப்பத்தெட்டு. மொத்தம் அறுபத்து மூன்று.

வாசித்தவர் நிறுத்தினார். விரல் விட்டு ஒருமுறை கூட்டிப் பார்த்தார்.

"டாக்டரம்மா, இடிக்குதே. கூட்டினா அறுபத்து நாலு வருது. ஒரு தல கூடுதலா இருக்கு."

அவள் கண்ணைத் திறந்தாள். "யாருமே பாக்கல பாருங்க. நாலு பேர் சரிபார்த்தாங்க."

"அவங்க யாரும் ஓடுற பஸ்ல தல எண்ணினதில்லையே."

அவள் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தாள். பிறகு, "கணக்கு டீச்சர்," என்றாள்.

"யாரு?"

"தானம் குடுத்தவங்கள்ல ஒருத்தங்க. கட்டியப் பாத்ததும் மறதிக்கெல்லாம் அதுதான் காரணம்னு எல்லாரும் அதோட விட்டுட்டாங்க. எனக்கு மனசு கேக்கல. ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி எடுத்துப் பாத்தேன். மறதி நோயும் இருந்துது. ரெண்டும் ஒரே ஆளுக்கு." மூச்சு வாங்கியது. மகள் தலையணையை உயர்த்தி வைத்தாள். "ரெண்டு பக்கமும் சேத்துட்டு, அத எழுத விட்டுட்டேன். கீழ ஒரு குறிப்பு போடுங்க."

"ஒரு மூளையில் இரண்டும் காணப்பட்டன. அப்படிப் போடவா?"

"மூளை வேணாம். ஒருவருக்குன்னு போடுங்க."

அவர் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினார். ஒருவருக்கு இரண்டும் இருந்தன. எனவே இரு வரிசைகளிலும் எண்ணப்பட்டார். அதற்கே கால் மணி நேரம் பிடித்தது. கூடத்தில் வெயில் சாய்ந்திருந்தது.

"இங்க ஒரு கமா வேணுமா?" என்று கேட்டார்.

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தார். மகள் அம்மாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்திருந்தாள்.

"அப்பா," என்றாள்.

அவர் எழுந்து போய்ப் பார்த்தார். நெற்றியில் கை வைத்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது, ஏதோ சொல்லி முடித்த மாதிரிதான் இருந்தது. போர்வையைத் தோள்வரை இழுத்துவிட்டார். அப்படியே நின்றார். மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது.

திரும்பி வந்து கணினி முன் உட்கார்ந்தார்.

"இப்பவாப்பா?"

"அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்மா."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள். எந்தப் பொத்தான் என்று அவள் காட்ட, அவர் அழுத்தினார். இருவரும் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் இன்னும் போன் செய்யவில்லை.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. அவர் கணினி முன் போய், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நாற்காலியைக் கட்டில் பக்கமாகத் திருப்பி, காலையிலிருந்து வாசித்த அதே குரலில் வாசித்தார்.

"மதிப்பிற்குரிய டாக்டர், உங்கள் திருத்தத்தைச் சேர்த்துவிட்டோம். நல்லவேளை, கவனித்தீர்கள். வேறு ஏதேனும் மாற்ற வேண்டுமா?"

சற்றுக் காத்திருந்தார். பிறகு ஒற்றை விரலால், இல்லை என்று தட்டினார்.