மற்றவை ஜாடி

உலகத்து மீன்கள் அனைத்துக்கும், அவற்றைத் தின்று வளர்ந்த மனித குலத்துக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: அலையாத்திக் காட்டு மீன் ஆய்வு நிலையத்தில், வரலாறு காணாத புதிய மீன் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. நீளம், கட்டைவிரல் நகம் அளவு.

கண்டுபிடித்தவர் இளைய ஆய்வாளர். அறிவிப்புப் பலகையில் இதைப் படித்து வயிறெரிந்தவர் மூத்த ஆய்வாளர். இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். சகலைகள். எரிச்சலுக்கு வேறு விறகு தேவையில்லை.

பதினோரு வருடமாக மாதம் ஒருமுறை அதே ஓடையில் அதே வலையை இழுத்து, எந்தப் பருவத்தில் எந்த மீன் வருகிறது, எது போகிறது என்று எழுதி வந்தவர் மூத்தவர். கோடையில் தண்ணீர் உப்பேறிவிட்டால் உளுவையும் இன்னும் நாலைந்து வகையும்தான் மிஞ்சும். மழை விழுந்து உப்புக் குறைந்ததும், கடலிலிருந்து பொடி மீன்கள் வந்து வேர்களுக்கு இடையில் குவியும். அதில் பாதிக்கு அவருக்குப் பெயர் தெரியாது. நிலையத்துப் புத்தகத்தில் வளர்ந்த மீன்களின் படம் மட்டும்தான். அதற்கெல்லாம் அவர் கலங்கியதில்லை. ‘மற்றவை’ என்று சீட்டு ஒட்டி, ஜாடியில் போட்டு மூடிவிடுவார்.

சகலை வேலைக்கு வந்து எட்டே மாதம். முதல் மழையிலேயே ஒரு பொடியைப் பிடித்தார். பழுப்பு உடம்பு, மூக்கிலிருந்து முதுகு வரை வெள்ளைக் கோடு. புத்தகத்தில் இல்லை என்றதும் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார்.

“ஏங்க, தங்கச்சி போன் பண்ணா. அந்த மீனுக்கு அவர் பேரையே வைப்பாங்களாமே?” என்றாள் மூத்தவரின் மனைவி, தட்டில் சோற்றைத் தள்ளியபடி.

“வைக்கட்டும்.”

“உங்க பேர்ல நம்ம வீட்டுக்கு இதுவரைக்கும் என்ன வந்திருக்கு, சொல்லுங்க பாப்போம்.”

“என்ன வந்திருக்கு?”

“கரண்ட் பில்லு.”

அவர் பாதிச் சோற்றிலேயே எழுந்து கை கழுவிவிட்டார்.

மறுநாள் காலை ஜாடி அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். நூற்று முப்பத்திரண்டு ஜாடிகள். மழை மாதங்களுடையதை மட்டும் இறக்கி, தூசி தட்டி, வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். நடுப்பகல் நெருங்கும்போது, ஒன்பது வருடத்துக்கு முந்தைய ‘மற்றவை’ ஒன்றின் அடியில், வெள்ளைக் கோடு போட்ட ஒரு பொடி அவரைப் பார்த்துச் சிரித்தது. குறைந்தபட்சம் அவருக்கு அப்படித் தோன்றியது.

நிலைய இயக்குநரின் மேஜையில் ஜாடியை டொக்கென்று வைத்தார்.

“ஒன்பது வருஷம் முன்னாடியே நான் பிடிச்சாச்சு சார்.”

அங்கே நின்றிருந்த சகலை குனிந்து பார்த்தார். “அதே மீனுதான். ஆனா அப்பவே ஏண்ணே சொல்லல?”

“ஒண்ணைப் பிடிச்ச உடனே தம்பட்டம் அடிக்கிற பழக்கம் நமக்குக் கிடையாது, சகல.”

சகலையின் முகம் தொங்கிப்போனது. அந்த ஒரு காட்சிக்காகவே இன்னொரு பதினோரு வருடம் சேற்றில் நிற்கலாம் என்று மூத்தவருக்குத் தோன்றியது. இயக்குநர் உடனே அருங்காட்சியகத்துக்குத் திருத்தக் கடிதம் எழுதினார்: முதலில் கண்டவர் மூத்தவரே. ஜாடியும் கூடவே போனது. பலகையில் பெயர் மாறியது. கொழுந்தியாள் போன் பண்ணுவதை நிறுத்தினாள். மனைவி சொந்தபந்தம் எல்லோருக்கும் போன் பண்ணுவதைத் தொடங்கினாள். வெற்றிக்கு விருந்தாக ஒரு முழ நீளத்துக்குப் பளபளவென்று ஒரு கொடுவா மீன் வாங்கி, தலை முதல் வால் வரை ஒற்றை ஆளாகத் தின்று தீர்த்தார் மூத்தவர்.

மூன்றாவது வாரம், எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அருங்காட்சியகத்தின் பதில் வந்தது. அவர் பெயருக்குத்தான். பிரிக்கப்போனவர் நிறுத்தி, உறையைச் சகலையிடம் நீட்டினார்.

“நீங்களே படிங்க சகல. எல்லாருக்கும் கேக்கட்டும்.”

“நானா?”

“அட, உங்க வாயால கேட்டாத்தான் எனக்குத் திருப்தி.”

சகலை தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசி நாற்காலி வரை கேட்கும்படி படித்தார்.

“மீனை முதன்முதலில் கண்டுபிடித்த மூத்த ஆய்வாளர் அவர்களுக்கு. தாங்கள் அனுப்பியது கொடுவாக் குஞ்சு. வளர்ந்தால் கோடு மறைந்துவிடும்.”