டெர்மினலைக் கழற்றியவன்

1

இந்தக் கதை ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனரில் பிறந்தது. அந்த ஸ்பேனர் இப்போதும் என் மேசையில், எழுதிய தாள்கள் பறக்காமல் இருக்கப் பாரமாகக் கிடக்கிறது. 1988இல் அதை வைத்து ஒரேயொரு நட்டைக் கழற்றினேன். செத்துப்போன ஒரு மனிதனின் மிச்சம் கொஞ்சம் அதோடு அழிந்துபோனது. இத்தனை காலம் யாரிடமும் மூச்சு விடவில்லை. இனிமேலும் முடியாது என்றுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். இதில் வரும் சின்னத்தம்பி நான்தான். 'நான்' என்று எழுதினால் கை தானாகவே எனக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடுகிறது. 'அவன்' என்று எழுதினால் நாலு திட்டுத் திட்ட முடிகிறது. ஆகவே அவன்.

2

முதல் தொடக்கம்: "பனி மெல்ல விலகியபோது, பச்சைக் கம்பளம் விரித்த மலைகளுக்கிடையே..."

வேண்டாம், சகிக்கவில்லை. எங்கள் மலைநாட்டுப் பக்கத்துக் கதை என்றாலே பனியைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்துவிடுகிறார்கள். நோர்வூட் ரோட்டில் வண்டி ஓட்டிய எவனும் பனியை ரசித்ததில்லை. லைட்டைப் போட்டுக்கொண்டு வாய்க்கு வந்தபடி ஏசுவோம்.

இரண்டாவது தொடக்கம், கொஞ்சம் பரவாயில்லை: 1974. சின்னத்தம்பியும் அந்தோனிமுத்துவும் ஒரே தேயிலைத் தோட்டத்தில் ஒரே கொழுந்து லொறியை முறை வைத்து ஓட்டினார்கள். இலங்கை முழுக்கப் பாண் ரொட்டி வாங்கக் கூட்டம் கூட்டமாக வரிசையில் நின்ற காலம். புது பேட்டரிக்கு அந்த வரிசைகூடக் கிடையாது. சாமானே நாட்டுக்குள் வரவில்லை. இருக்கிற பேட்டரியைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றவேண்டும். வேலை முடிந்து லொறியை நிறுத்தியதும் டிரைவர் செய்கிற முதல் காரியம் பானட்டைத் திறந்து பேட்டரியின் டெர்மினலைக் கழற்றுவது. வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுவதுபோல, யோசிக்காமல் செய்கிற வேலை.

அப்படியும் பேட்டரி இறங்கிவிடும். இரண்டு பேரும் இறங்கி, தேயிலை ஸ்டோருக்கு மேலே இருந்த சரிவில் லொறியைத் தள்ளிவிட்டு, ஓடி ஏறுவார்கள். ஸ்டார்ட் ஆனால் ஒருவன் கத்துவான், மற்றவன் சிரிப்பான். அப்புறம் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு ஒரே கோப்பையில் பால் ஊற்றாத சாயத்தண்ணி. [இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். அந்தச் சரிவும் அந்தச் சிரிப்பும் திரும்பி வராதா என்று இருக்கிறது. கதைக்கு இது தேவையில்லை. எனக்குத் தேவை.]

3

1987இல் அந்தோனிமுத்து தோட்டத்து வேலையை விட்டுவிட்டு ஒரு ஜப்பான் கார் வாங்கினான். அங்கே யாரோ ஓட்டிக் கழித்தது. நோர்வூட் டவுனில் வாடகைக்கு ஹயர் ஓட்டப்போவதாகச் சொன்னான். வண்டியைப் பார்க்க வந்த சின்னத்தம்பி பானட்டைத் திறந்து கார்புரேட்டரைத் தேடினான், காணோம். அந்தோனிமுத்து அவனை இழுத்துக்கொண்டுபோய் இடதுபக்க சீட்டைத் தூக்கிக் காட்டினான். அடியில் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு தகரப் பெட்டி. அதுதான் கம்ப்யூட்டராம். எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காற்று என்று அதுவே கணக்குப் பார்த்து என்ஜினுக்குக் கொடுக்குமாம்.

அந்தோனிமுத்து சும்மா இருக்கிற ஆளா? லொறிப் புத்தியில் ஏர் ஃபில்டரின் வாயைத் தகரக் கத்திரியால் வெட்டி அகலமாக்கினான். சைலன்சரையும் மாற்றினான். வண்டி மூன்று நாள் இருமியது. நின்ற இடத்தில் குலுங்கியது. சின்னத்தம்பி போய் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வந்தான். நாலைந்து நாளில் அந்தோனிமுத்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். என்ஜின் பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது.

"நான் வெட்டுனத அது பழகிக்கிச்சு மச்சான். நுவரெலியா மெக்கானிக் பாஸ் சொன்னாரு, நம்ம ஓட்டுற மாதிரிக்கும் அது பழகுமாம். என் காலு மிதிக்கிறது அதுக்குத் தெரியும்."

"டெர்மினல கழட்டுனா?"

"எல்லாம் மறந்து போயிரும். தொட்டுறாத."

அந்தோனிமுத்துவின் மனைவி ஜோசப்பின் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டன் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகும்போது, அவள் அந்த இடதுபக்க சீட்டில் பார்த்துப் பதவிசாக உட்காருவாள். அடியில் புருஷனின் கால் இருக்கிறதல்லவா.

(பாஸ் சொன்னது முழு உண்மையா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். பிற்பாடு கொழும்பில் படித்த ஒரு மெக்கானிக் என்னிடம், பெட்டி பழகுவது என்ஜினைத்தான், ஆளை அல்ல என்றான். ஆனால் ஒரு என்ஜின் எப்படி ஆகிறது என்பது அதை மிதிக்கிற காலைப் பொறுத்துத்தானே?)

4

அடுத்த வருஷம் ஆகஸ்டில், ஒரு மத்தியானம், காரைக் கழுவிக்கொண்டிருந்த அந்தோனிமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழும்பவில்லை. ஐம்பத்திரண்டு வயது.

இந்தப் பகுதியை ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். ஒரு தடவை சின்னத்தம்பி கதறி அழுதான். ஒரு தடவை மழை பெய்தது. இரண்டும் புளுகு. அடக்கம் முடிந்து வந்ததும் அவன் உண்மையில் செய்தது இதுதான்: ஷெட்டில் நின்ற காரைப் பார்த்தான். முப்பத்தொரு நாள் பூசை முடியும்வரை வண்டியை எடுக்கமாட்டார்கள் என்று நினைத்தான். கூட்டாளியின் வண்டி, பேட்டரி இறங்கிவிடக்கூடாதே என்று பானட்டைத் திறந்தான். ஸ்பேனரை எடுத்தான். கழற்றினான். சேர்ட்டின் நுனியால் டெர்மினலைத் துடைத்துக்கூட வைத்தான், பாவி.

பெட்டியின் விஷயம் அவனுக்குத் தெரியாதா? தெரியும். தலைக்குத் தெரியும். பதினாலு வருஷம் கழற்றிப் பழகிய கைக்கு யார் சொல்வது? வீட்டுக்குப் போய்க் குளித்து, சோற்றில் கை வைத்த பிறகுதான் உறைத்தது. ஓடிவந்து மாட்டினான். மாட்டி என்ன பிரயோசனம்?

5

முப்பத்தோராம் நாள். பூசைக்கு அந்தக் காரிலேயே போகவேண்டும் என்று ஜோசப்பின் பிடிவாதமாக இருந்தாள். ஓட்டுவதற்கு சின்னத்தம்பியைத்தான் கேட்டாள். கறுப்புச் சேலையில் வந்து இடது சீட்டில் உட்கார்ந்தவள், அவன் சாவியைத் திருப்புவதற்கு முன்னால் கேட்டாள்.

"அண்ணே, அவரு காலு இன்னும் இதுல இருக்குமா?"

அவன் சொல்லியிருக்கவேண்டியது: "தங்கச்சி, என்ன மன்னிச்சிரு, நான்..."

அவன் சொன்னது: "இருக்கும், தங்கச்சி."

சாவியைத் திருப்பினான். வண்டி குலுங்கியது, இருமியது. நாள்பட நின்ற வண்டி அப்படித்தான் என்று சமாளித்தான். அவள் சீட்டின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அட்டன் வரைக்கும் வந்தாள்.

6

இங்கே கதை நின்றுபோயிருக்கலாம். ஆனால் சின்னத்தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. பொய்யை மெய்யாக்கிவிட்டால் என்ன என்று ஒரு கோணல் யோசனை வந்தது.

ஞாயிறுதோறும் பூசைக்கு அவனே ஓட்டுவதாகச் சொன்னான். ஓட்டியது அவனைப்போல அல்ல, அந்தோனிமுத்துவைப்போல. அவன் பழக்கம் லொறிப் பழக்கம்: சாவியைத் திருப்புமுன் ஆக்சிலேட்டரை இரண்டு மிதி மிதிப்பான். அதை விட்டான். அந்தோனிமுத்து ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லுகிற நேரம் காலைத் தூக்கிவைத்துக் காத்திருப்பான். சைவக்காரனான சின்னத்தம்பி, திருநீற்று நெற்றியோடு, வாய்க்குள் அதைச் சொல்லிக் காத்திருந்தான். வளைவுக்கு முன்னால் இரண்டு குட்டி ஹோன். பள்ளத்தில் கிளட்சைத் தொடாமல் இறங்குவது. மேட்டில் அவசரப்படாமல் ஒரே மிதி. எழுபதுகளில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி அந்தப் பெட்டிக்குப் பாடம் எடுத்தான்.

நாலாவது ஞாயிறில் குலுக்கல் போனது. ஆறாவதில் அந்தப் பூனை உறுமல் வந்தது. தான் ஜெயித்துவிட்டதாக சின்னத்தம்பி நினைத்தான்.

ஏழாவது ஞாயிறு. நோர்வூட்டைத் தாண்டி முதல் பெரிய வளைவு. அவன் இரண்டாவது கியருக்கு இறக்கினான். ஜோசப்பின் ரோட்டைப் பார்த்தபடியே, அமைதியாகச் சொன்னாள்.

"இந்த எடத்துல அவரு ரெண்டுக்கு எறக்க மாட்டாரு அண்ணே. மூணுலயே இழுப்பாரு."

அவன் மூன்றுக்கு மாற்றினான். வண்டி திணறி, பிறகு ஏறியது.

7

இனி முடிவு. மூன்று எழுதிவைத்திருக்கிறேன்.

ஒன்று: அவளுக்கு ஒன்றும் தெரியாது. கியர் மாற்றியது பிடிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னாள். [இதை எழுதும்போது நானே நம்பவில்லை.]

இரண்டு: முதல் நாள் குலுங்கியபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கழற்றியது யார் என்றும் தெரிந்தது. என்னைப் பார்த்தால் பாவமாக இருந்திருக்கும், விட்டுவிட்டாள்.

மூன்று: நான் ஓட்டுவதைக் கவனித்து, எங்கே பிசகுகிறேன் என்று ஒவ்வொரு ஞாயிறும் அவளும் மனதுக்குள் திருத்திக்கொண்டே வந்தாள். ஒருநாள் வாய்விட்டுச் சொன்னாள். அதாவது, அந்தோனிமுத்துவைத் திரும்பச் செய்ததில் பாதி வேலை அவளுடையது.

ஜோசப்பினிடம் கேட்கவில்லையா என்பீர்கள். கேட்கவில்லை. அந்த வளைவுக்குப் பிறகும் ஒன்றரை வருஷம் ஞாயிறு தவறாமல் ஓட்டினேன். இடையிடையே அவள் திருத்துவாள், நான் மாற்றுவேன். பிறகு வண்டியை விற்றாள். வாங்கிய ஆள் முன்னால் அவளே என்னிடம் வந்து கையை நீட்டி, "ஸ்பேனரக் குடுங்கண்ணே" என்றாள். பானட்டைத் திறக்கச் சொன்னாள். டெர்மினலை அவளே கழற்றினாள். கழற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்...

பாருங்கள், 'அவன்' என்று தொடங்கியவன் எப்போது 'நான்' ஆனேன் என்றே தெரியவில்லை.

அவள் சொன்னதை எழுதப்போவதில்லை. அது எனக்குச் சொன்னது. உங்களுக்கு எந்த முடிவு தோதாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்லலாம். நான் இன்றைக்கும் எந்த வண்டியில் ஏறினாலும், ஸ்டார்ட் பண்ணியதும் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு, ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லுகிற நேரம் காத்திருக்கிறேன்.