அத்தையின் வரவேற்பு

குழாய்க்காரர் சமையலறைத் தொட்டியின் அடியில் தலையை நுழைப்பதற்குள் மாமனார் அவரை மடக்கிவிட்டார். "மொதல்ல வைஃபை போட்டுக்கோங்க. வேலை எங்க போயிடப் போகுது?" என்றார். ஒழுகுகிற குழாயைப் பார்க்க வந்த மனிதருக்கு வைஃபை எதற்கு? "பரவால்லங்க, என் போன்லயே நெட்டு இருக்கு" என்று அவர் சொல்லிப் பார்த்தார். மாமனார் விட்டால்தானே. பக்கத்தில் போய் நின்றுகொண்டு, விருந்தினருக்கான இணைப்பு எது, எங்கே தொட வேண்டும் என்று விரலை நீட்டிக் காட்ட ஆரம்பித்தார். வந்தவர் தலைவிதியே என்று பையைக் கீழே வைத்துவிட்டுப் போனைத் தட்டினார். திரையில் ஒரு பக்கம் திறந்தது.

'வாங்க. வந்ததும் போனையே பாக்காதீங்க. எங்க முகத்தையும் கொஞ்சம் பாருங்க.'

குழாய்க்காரர் படித்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. தலையைத் தூக்கி மாமனாரைப் பார்த்தார். மாமனாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "எங்க வீட்டம்மா எழுதினது" என்றார். எழுதியவர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்.

உள்ளறையிலிருந்து மகனின் குரல் வந்தது. "அப்பா! மறுபடியும் போச்சு! நான் மீட்டிங்ல இருக்கேன்பா!"

கூடத்துச் சுவரில் இருந்த வைஃபை பெட்டியில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. மாமனார் பழகிப்போனவர் போல அதனருகில் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பச்சை திரும்பி வரும்வரை நின்றார். இது அந்த வீட்டில் புதிதல்ல. ஆள் வந்தால் நெட்டு போகும். "நம்ம நெட்டு உங்க சித்தப்பா மாதிரி. விருந்தாளி தலையக் கண்டா எழுந்து உள்ள போயிடும்" என்று அந்த வாசகத்தை எழுதிய அத்தையே கேலி செய்திருக்கிறாள். அது நினைவுக்கு வந்தும் மருமகளுக்கு இன்று சிரிப்பு வரவில்லை. காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் வேலை பார்ப்பது அந்தப் பெட்டியைச் செய்கிற கம்பெனியில். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை வெளியே விடும் முன், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதில் ஓட்டை தேடுகிற வேலை. ஊரார் வீட்டுப் பெட்டிக்கெல்லாம் காவல் இருப்பவள், தன் வீட்டில் நெட்டு போனால் "கரண்ட் சரியில்ல" என்று சொல்லியே காலத்தை ஓட்டியிருக்கிறாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள். விருந்தாளிகள் வருகிற நேரத்தில் அவள் பெரும்பாலும் ஆபீசில் இருப்பாள். இன்றைக்குத்தான் வரிசையைக் கண்ணால் பார்த்தாள். ஆள் சேர்ந்தார், வாசகம் வந்தது, பெட்டி மயங்கி விழுந்தது. தற்செயலாக விழுகிற பெட்டிக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்காது.

குழாய்க்காரர் போனதும் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாசகத்தைத் தனியே பத்திரப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் இங்கிலீஷ் 'ஏ'யை நிரப்பிப் பார்த்தாள். வாசகம் எழுதும் கட்டம் நூறு எழுத்து வரை வாங்கிக்கொண்டது. பெட்டி கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. ஆபீசிலும் இப்படித்தான் சோதித்திருந்தார்கள். பிறகு தமிழில் 'அ' என்று நிரப்பித் தன் போனை விருந்தினர் இணைப்பில் சேர்த்தாள். பக்கம் ஒழுங்காக வந்தது. வந்த கையோடு சிவப்பு விளக்கு எரிந்தது.

விஷயம் இதுதான். பெட்டியின் நினைவில் வரிசையாக அறைகள். வாசகத்தை எடுத்து வைக்க ஓர் அறை. அதை ஒட்டின அறையில், இந்த வேலை முடிந்ததும் பெட்டி எங்கே திரும்பிப் போக வேண்டும் என்ற முகவரி இருக்கும். காவலுக்கு நின்ற கட்டம் எழுத்துகளின் தலையை எண்ணி உள்ளே விட்டது. ஆனால் பெட்டிக்குள் இங்கிலீஷ் எழுத்து ஒரு இடம் அடைக்கும், தமிழ் எழுத்தின் ஒவ்வொரு உறுப்பும் மூன்று இடம் அடைக்கும். மூட்டை முடிச்சோடு வந்த கூட்டத்தை வெறும் தலைக்கணக்கு பார்த்து உள்ளே விட்டால் என்ன ஆகும்? வழிந்து, அடுத்த அறையின் முகவரியை அழித்தது. பெட்டி வாசகத்தைக் காட்டிவிட்டுத் திரும்புகிறது, வீட்டுக்கு வழி தெரியவில்லை, மயங்கி விழுந்து மறுபடி எழுகிறது.

அதோடு போனால் பரவாயில்லை. வருகிறவர் தன் பெயரைத் தட்டினால் 'வணக்கம்' சேர்த்துக் காட்டவும் பெட்டி அதே அறையைத்தான் பயன்படுத்தியது. விவரம் தெரிந்த களவாணி ஒருவன் பெயருக்குப் பதிலாக அளவெடுத்து எதையாவது எழுதினால், வழிகிற இடத்தில் அவன் சொல்லும் முகவரி போய் உட்காரும். அப்புறம் பெட்டி அவன் ஆள். அந்த வீட்டுப் போன்கள், கேமரா, கடவுச்சொல் எல்லாம் அவன் கண்ணெதிரே போகும். இந்தப் பெட்டி எத்தனை வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

அத்தையின் வாசகத்தைத் திரும்ப அதன் இடத்தில் ஒட்டினாள். அந்தக் கட்டத்தை அத்தைக்குக் காட்டியவளே அவள்தான். ஒரு நாள் வீடு நிறைய உறவுக்காரர்கள் வந்து, ஆளுக்கொரு மூலையில் போனில் குனிந்து கிடந்தபோது அத்தைக்கு வந்ததே கோபம்! ஒற்றை விரலால் குத்திக் குத்தி எழுதி முடித்து, "படிக்கட்டும், புத்தி வரட்டும்" என்றாள். அவளுடைய குரலில் வீட்டில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். மாலை போட்ட படத்தில் இருப்பவள் பேசமாட்டாள். பெட்டியில் இருப்பவள் பேசுகிறாள்.

திங்கட்கிழமை குழுத்தலைவரின் மேசை முன் ஒரு பெட்டியை வைத்துத் தமிழில் தட்டிக் காட்டினாள். எதற்கெடுத்தாலும் "பொறுமை, பொறுமை" என்று சொல்வதால் அவருக்கு ஆபீசில் பொறுமை என்றே பெயர். விளக்கு சிவந்து, பெட்டி அவர் கண் முன்னால் மயங்கி விழுந்தது. சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாள்பூரா தமிழ்லதான் பேசறோம், தமிழ்லதான் சண்டை போடறோம்" என்றார் பொறுமை. "ஒருத்தருக்குக்கூட இதுல தமிழ்ல தட்டிப் பாக்கணும்னு தோணலையா?"

யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கும்தான். அதனால் அவர் யாரையும் திட்டவில்லை.

மருந்து தெரிந்ததுதான். தலையை எண்ணாமல் அடைக்கும் இடத்தை அளக்க வேண்டும். அறைக்கு மேல் வருவதை வாசலிலேயே வெட்ட வேண்டும். முகவரிக்கு முன்னால் ஒரு காவல் எண் வைத்து, அது கலைந்திருந்தால் பெட்டி யார் பேச்சையும் கேட்காமல் நின்றுவிட வேண்டும். புதிய மென்பொருள் எல்லா வீட்டுக்கும் தானாகவே போய்ச் சேரும். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் கேட்டாள்.

"அறையவே பெருசாக்கிட்டா என்ன சார்?"

"பழைய பெட்டிம்மா. இருக்கிற எடத்துலதான் குடித்தனம் பண்ணணும். இங்க இழுத்தா அங்க கிழியும்."

"ஏற்கெனவே நீளமா எழுதி வெச்சிருக்கவங்களுக்கு?"

"அதுவே வெட்டிடும்" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அத்தையின் கதை அவருக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டுல மட்டும் தானா புதுப்பிக்கறத நிறுத்தி வெச்சிடுங்களேன். யாரு வந்து கேக்கப் போறா?"

நல்ல மனதோடு சொன்னதுதான். அதனாலேயே அது அவளை நாள் முழுக்கப் படுத்தியது. வெட்டும்போது எழுத்தின் உறுப்பு ஒன்று நடுவில் ஒடிந்து கட்டம் கட்டமாகத் தெரியக் கூடாது என்பதில் மட்டும் அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அதை ஒத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது கதவு ஒருக்களித்திருந்தது. மாமனார் கூடத்து நாற்காலியில் போனும் கையுமாக இருந்தார். அவள் வந்ததை அவர் கவனிக்கவில்லை. திரையில் எதையோ அழுத்தினார். அவருடைய போன் விருந்தினர் இணைப்பை மறந்தது. மறுபடி சேர்ந்தார். பக்கம் திறந்தது. படித்தார். பிறகு எதிரே யாரோ நிற்பது போல முகத்தைத் தூக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. எழுந்து போய்ப் பெட்டியருகில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

விருந்தாளி வராத நாட்களிலும் நெட்டு ஏன் போகிறது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. செருப்பை வேண்டுமென்றே சத்தமாகக் கழற்றினாள்.

சொல்லாமல் இருந்துவிடலாம். நிறுத்தி வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். காபியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தவள், நினைத்ததற்கு மாறாக எல்லாவற்றையும் சொன்னாள். அறை, மூட்டை முடிச்சு, முகவரி, களவாணி என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். மாமனார் கடைசிவரை கேட்டார்.

"அவ எழுதினதுலயா ஓட்டைங்கறே?"

"அத்தை எழுதினதுல இல்ல மாமா. நாங்க விட்ட எடத்துல."

"அதானே" என்றார். கொஞ்சம் சமாதானம் ஆனவர் போலத் தெரிந்தது. "எவ்வளவு மிஞ்சும்?"

அவள் மடிக்கணினியில் காட்டினாள். 'வாங்க. வந்ததும் போனையே பாக்காதீங்க. எங்க முகத்த' என்று நின்றது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மாமனார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு தடவை பார்த்தார்.

"வேணும்னா சுருக்கி எழுதிடலாம் மாமா. கருத்து மாறாம, முழு வாக்கியமா..."

"யாரு, நானா?" என்றார் மாமனார். "அவ சொன்னதத் திருத்தறதுக்கு அவ இருக்கும்போதே எனக்குத் தைரியம் வந்ததில்ல. இப்பவா வரப் போகுது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. அவர் அதைக் கவனிக்காதது போல டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்டுக்கு மட்டும் பழசையே வெச்சுக்கலாம் மாமா. புதுசு வராம நிறுத்திடறேன். நீங்க சொல்லுங்க."

"வெச்சுக்கிட்டா வந்து சேர்றவங்க போனுக்கு ஆபத்து இருக்கா?"

பொய் சொல்ல ஒரு நல்ல வாய்ப்பு. "இருக்கு" என்றாள்.

மாமனார் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். "மடக்கி நிக்க வெச்சு, அந்தக் குழாய்க்காரர் போன நானே சேக்க வெச்சேன்" என்றார். "வந்தவங்களுக்கு இந்த வீட்டால ஒரு கெடுதல்னா உங்க அத்தை என்னை உண்டு இல்லைனு ஆக்கிடுவா." எழுந்து போய் டம்ளரைக் கழுவி வைத்தார். அங்கிருந்தே சொன்னார். "வரட்டும். நிறுத்தாதே."

புதிய மென்பொருள் அடுத்த வாரம் ஒரு விடுமுறை நாளின் காலையில் வந்தது. விளக்கு சிவந்து, மினுக்கி, பச்சையானது. கணவன் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இனிமே போகாதுல்ல?" என்றான். "போகாது" என்றாள். மாமனார் போனில் அந்த இணைப்பை மறக்கவைத்து மறுபடி சேர்த்தார். பாதி வாக்கியம் வந்தது. பழக்க தோஷத்தில் பெட்டியருகே போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். விளக்கு பச்சையாகவே இருந்தது. எழுந்து வருவதற்கு அது விழவே இல்லை. ஒழுங்காக வேலை செய்கிற ஒரு பெட்டியைப் பார்த்து அவளுக்கு இவ்வளவு வருத்தம் வரும் என்று அவள் நினைத்ததில்லை. அவர் திரும்பி வந்து, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பேப்பரை விரித்துக்கொண்டார். பக்கத்தைத் திருப்பவில்லை.

அழைப்புமணி அடித்தது. குழாய்க்காரர். போன தடவை போட்டது மறுபடி கசிகிறது என்று அவள்தான் வரச் சொல்லியிருந்தாள். "வாங்க" என்றார் மாமனார். அதோடு நிறுத்திக்கொண்டார். வைஃபையைப் பற்றி மூச்சு விடவில்லை. பையோடு சமையலறைப் பக்கம் நடந்தவரின் போன், பழைய இணைப்பைக் கண்டுகொண்டு தானாகவே சிணுங்கியது. அவர் நின்று எடுத்துப் பார்த்தார். படித்தார். இன்னும் ஏதாவது வருமா என்று விரலால் கீழே தள்ளிப் பார்த்தார்.

"என்னங்க, அம்மா எழுதினது பாதியில நிக்குது? போன தடவ இன்னும் இருந்துச்சே. அது என்ன?"

கேட்டுவிட்டு, போனை இடுப்பருகே தாழ்த்திப் பிடித்தபடி, மாமனாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமனார் பேப்பரை மடித்து வைத்தார். அவள் சமையலறை வாசலில் நின்றாள். தொட்டியின் அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குழாய்க்காரர் கண்ணை எடுக்கவில்லை.