கர்னலின் இரட்டைக் குழல்

எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் விரிப்புப் போட வேண்டுமென்றால் நான் அனுமதி கேட்க வேண்டும். மேசையில் படுத்திருக்கும் துப்பாக்கியின் சொந்தக்காரரிடம். அவர் வேறு யாருமல்ல, என் கணவர் லயனல்.

ஒருநாள் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்த சட்டியைக் கையில் தூக்கிவிட்டேன். வைக்க இடமில்லை. துப்பாக்கியை ஒரு கையால் எடுத்து ஓரமாக நகர்த்திவிட்டுச் சட்டியை வைத்தேன். அவ்வளவுதான், மனிதர் வந்துவிட்டார்.

"வின்னி, கேட்டுட்டா எடுத்தே?"

"சட்டி கையைச் சுடுது, லயனல்."

"சுடட்டும். அடுத்தவங்க துப்பாக்கியைத் தொடணும்னா முதல்ல 'எடுக்கலாமா'ன்னு கேக்கணும். அப்புறம் கை கழுவணும். அப்புறம்தான் எடுக்கணும். துப்பாக்கி கிளப்புல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு."

"நான் உன் பொண்டாட்டி."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். சண்டை போடக்கூட எனக்கு மனம் வரவில்லை.

லயனலுக்கு முன்பு, வானிலை சொல்லும் பாரோமீட்டர்மேல் பைத்தியம் இருந்தது. வீடு முழுக்க மாட்டி வைத்திருந்தார். ஒன்று வெயில் என்று சொன்னால் பக்கத்தில் உள்ளது புயல் என்று சொல்லும். நாங்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் ஒரு ஏலத்துக்குப் போனவர் இந்தத் துப்பாக்கியோடு திரும்பினார். அதற்குப் பிறகு பாரோமீட்டர்களை யாரும் துடைப்பதில்லை.

துப்பாக்கி அழகானதுதான், அதை நான் மறுக்கமாட்டேன். விக்டோரியா ராணி காலத்துச் சரக்கு. பர்மிங்காமில் ஏதோ ஒரு சின்னப் பட்டறையில் செய்தது, பெயர் தேய்ந்துவிட்டது. இரண்டு குழலும் அருகருகே படுத்திருக்கும். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி அடித்த குழல்கள் என்பதால் மேலே வரிவரியாக ஒரு கோலம் ஓடும். விசையை அழுத்தினால் தோட்டாவைத் தட்டும் இரும்புக் குதிரைகள் இரண்டும் வெளியே நாய்க்காது போல நிமிர்ந்து நிற்கும். யாராவது வீட்டுக்கு வந்தால் லயனல் குழல்களை மட்டும் கழற்றி, ஒரு விரலில் தொங்கவிட்டு, நகத்தால் சுண்டுவார். மணி அடித்தது போல ஒரு சத்தம் வந்து நெடுநேரம் நிற்கும். சத்தம் ஓயும்வரை யாரும் டீயைக் குடிக்கக் கூடாது.

தோளில் வைக்கும் மரக்கட்டையின் அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெள்ளித் தகடு. முதல் சொந்தக்காரரின் பெயரெழுத்து அதில் இருந்திருக்கிறது. இப்போது ஒரு வளைவு மட்டும்தான் மிச்சம். அந்த வளைவை வைத்துக்கொண்டு லயனல் ஒரு கர்னலையே உண்டாக்கிவிட்டார். எந்தப் படை, எந்த ஊர் எதுவும் தெரியாது, ஆனால் கர்னல்தான். "கர்னல் காலையில சீக்கிரம் எழுந்திருப்பார்" என்று ஒருநாள் சொன்னார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

ஒரே ஒரு குறை. அந்தத் துப்பாக்கியால் லயனலுக்கு எதையும் சுட வரவில்லை.

அவர் ஆறடிக்கு மேல். கைகள் அதற்கும் மேல். துப்பாக்கிக் கட்டையோ குட்டை. தோளில் வைத்தால் உயரமான ஆள் சின்னப் பிள்ளையின் சைக்கிளில் ஏறியது போல இருக்கும். முழங்கை ஒரு பக்கம் மடங்கும், கழுத்து இன்னொரு பக்கம் மடங்கும். போதாததற்கு, பழைய குழல் என்பதால் கறுப்பு வெடிமருந்துதான் போட வேண்டும். சுட்டதும் புகை எழும்பி ஆளையே மூடிவிடும். குறி வைத்த களிமண் தட்டு என்ன ஆனது என்று அவருக்குத் தெரியாது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்.

"வின்னி, உடைஞ்சுதா?"

கிளப்பின் டீக் கொட்டகையில் நின்றபடி நான் சொல்வேன்: "இல்லை."

அடுத்த வெடி. மறுபடி புகை. "இப்போ?"

"இப்பவும் இல்லை."

மற்றப் பெண்களாக இருந்தால் ஒன்றிரண்டு முறையாவது உடைந்தது என்று பொய் சொல்லியிருப்பார்கள். எனக்கு அது வராது. என் அப்பா ஒரு பிரபுவின் காட்டில் காவல்காரர். பட்டாணி வயலில் இறங்கும் புறாக்களைச் சுட என்னையும் கூட அழைத்துப் போவார். பட்டால் பட்டது, படாவிட்டால் இல்லை. அதில் முகதாட்சண்யம் கிடையாது. கல்யாணம் ஆனபின் நான் சுட்டதே இல்லை. வீட்டில் பாரோமீட்டர்தானே இருந்தது.

எங்கள் கிளப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். குன்றுச் சரிவில் ஒரு மேய்ச்சல் நிலம், ஒரு தகரக் கொட்டகை, களிமண் தட்டுகளை வானத்தில் வீசும் ஒரு கருவி. குழல்கள் அருகருகே இருக்கிற பழைய துப்பாக்கிகளுக்கு மட்டும்தான் அனுமதி. ஒன்றின்மேல் ஒன்றாகக் குழல் வைத்த புதுத் துப்பாக்கியோடு ஒருவன் தெரியாமல் வந்துவிட்டால், அவன் குளிக்காமல் வந்தது போலப் பார்ப்பார்கள். அங்கே உச்சபட்சப் பாராட்டு "ஒரிஜினல்" என்ற சொல். கட்டையில் ஒரு ஒட்டு விழுந்தாலோ குழலை மாற்றினாலோ அந்தப் பட்டம் போச்சு. யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள்.

இலையுதிர் காலத்தில் வருடக் கடைசிப் போட்டி நடக்கும். அதில் ஒரு தட்டுகூட உடைக்காதவரின் துப்பாக்கியைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பார்கள். எந்தக் காலத்திலோ குடித்துவிட்டு ஒருவன் சொன்ன விளையாட்டு, இன்று சட்டமாகிவிட்டது. துப்பாக்கிக்காக, அதே துப்பாக்கியால், மூன்று பேர் சுடலாம். ஆளுக்கு இரண்டு தட்டு, குழலுக்கு ஒன்று. யாராவது இரண்டையும் உடைத்துவிட்டால் துப்பாக்கி நிரபராதி, சொந்தக்காரர்தான் குற்றவாளி. அடுத்த வருடம் முழுக்க டீ போட வேண்டியவர் அவர். போன வருடம் யாரும் சிக்காததால் அந்த வேலை என் தலையில் விழுந்திருந்தது. மூவருமே தவறவிட்டால் துப்பாக்கிதான் குற்றவாளி. அதைப் பக்கத்து ஊர் லட்லோவில் இருக்கும் ரிப்பேர்காரரிடம் அனுப்பி, கட்டைக்கு ஒட்டுப் போட்டு, எண்ணெய் காய்ச்சி ஊற்றி வளைத்துச் சொந்தக்காரரின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மாட்டேன் என்றால் கிளப்பை விட்டுப் போக வேண்டியதுதான்.

துப்பாக்கி வாங்கிய பிறகு வந்த முதல் போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் லயனல் பனியனோடு அலமாரிக் கண்ணாடி முன் நின்று துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார்.

"ஒரு துண்டு மரம் ஒட்டிட்டா நீயும் நிம்மதியா சுடலாம். இதுல என்ன இருக்கு?" என்றேன்.

"கர்னல் தோள் பட்ட இடம் அது, வின்னி. அதுல ஆணி அடிக்கச் சொல்றியா?"

சிரிக்கலாம் என்று பார்த்தால் மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் போய் உருளைக்கிழங்கு உரித்தேன்.

மறுநாள் தூறல். லயனல் தனக்கு உரிய தட்டுகள் அத்தனையையும் சுட்டார். கேட்டபோதெல்லாம் நான் "இல்லை" என்றேன். கடைசி ஒன்றிரண்டுக்கு அவர் கேட்கவே இல்லை.

கிளப் தலைவர் ப்ராசர், ஊரில் தீவன வியாபாரி. கேலி பேசாமல் ஒரு ரொட்டிகூடத் தின்னமாட்டார். பீர்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு கம்பளியை விரித்தார்.

"குற்றவாளியைக் கொண்டு வாங்க. லயனல், உன்னை இல்லை. துப்பாக்கியை. உன்னை வச்சா பெட்டி உடைஞ்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். லயனல் துப்பாக்கியை மடித்துத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டி, கம்பளிமேல் படுக்க வைத்தார். தொட்டிலில் பிள்ளையைப் போடுகிற மாதிரி வைத்தார்.

முதலில் ப்ராசரே வந்தார். கிளப்பில் அவரைவிடக் கைதேர்ந்தவர் இல்லை. "எடுக்கலாமா?" என்று முறையாகக் கேட்டார். லயனல் தலையாட்டினார். தோளில் வைத்ததும் ப்ராசரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். கட்டை அவர் தோளுக்கு எட்டவே இல்லை. இரண்டு வெடி, இரண்டும் வீண்.

"இதை யாருக்குப்பா செஞ்சாங்க, பொம்மைக்கா?" என்று கேட்டார். ஆனால் குரலில் கேலி இல்லை. அந்தத் துப்பாக்கியை ஒட்டுப் போட அனுப்புவதில் அவருக்கும் விருப்பமில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்து மாட்டு டாக்டர் பெவன். ஒன்றை உடைத்தார். ஒரு நொடி லயனலின் முதுகு நிமிர்ந்தது. அடுத்தது முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தது.

மூன்றாவது ஆள் வரவில்லை. எல்லோரும் தத்தம் பூட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் உயரம், இன்னொருவருக்குத் தொப்பை. தீர்ப்பு எழுதிய கை தன்னுடையதாக இருக்க யாருக்கும் மனமில்லை. லயனல் கம்பளியின் ஓரத்தை இழுத்துத் துப்பாக்கிமேல் தூறல் படாமல் மூடினார்.

ஒரு மரக்கட்டைக்காக இப்படி நிற்கிறாரே என்று எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமும் வந்தது. ஏப்ரனை அவிழ்த்து டீப் பாத்திரத்தின்மேல் போட்டேன். கையைக் கழுவினேன். போய் அவர் முன்னால் நின்றேன்.

"எடுக்கலாமா?"

லயனல் என்னையே பார்த்தார்.

"டீ ஆறிடும் வின்னி," என்றார் ப்ராசர்.

"நீங்க விட்ட ரெண்டு தட்டும் அந்தப் புல்லுல முழுசாக் கிடக்கு. டீ ஆறுறதுக்குள்ள போய்ப் பொறுக்கிட்டு வாங்க."

பெவன் இருமி இருமிச் சிரித்தார். லயனல் மெதுவாக, "எடு" என்றார்.

எடுத்தேன். தோட்டா போட்டேன், குதிரைகளை இழுத்து நிறுத்தினேன். தோளுக்குக் கொண்டுபோனபோது நான் தலையைக் குனியவில்லை, கழுத்தை வளைக்கவில்லை. கட்டை தானாகவே வந்து கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. பட்டாணி வயலும், அப்பாவின் ஈரக் கோட்டு வாசனையும் ஞாபகத்துக்கு வந்தன. தட்டு கிளம்பியது. சுட்டேன். புகை முகத்தை மூடுவதற்குள் இரண்டாவது தட்டு குன்றுக்கு மேலே ஏறுவது தெரிந்தது. அதையும் சுட்டேன்.

பிறகு வெள்ளைப் புகையைத் தவிர எதுவும் தெரியவில்லை. அந்தப் புகைக்குள் நின்றுகொண்டு, இத்தனை நாள் நான் உள்ளூரச் சிரித்த அதே கேள்வியை நானே கேட்டேன்.

"லயனல், உடைஞ்சுதா?"

பதில் சொல்ல வேண்டியவர் லயனல்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உடைந்தது என்றால் கட்டை பிழைத்துவிடும். ஆனால் அது அவருக்காகச் செய்த கட்டையில்லை என்பதும் அதோடு முடிவாகிவிடும். அது யாருக்குப் பொருந்துகிறது என்பதை அவர் கண்ணால் பார்த்துவிட்டார்.

"உடைஞ்சிடுச்சு வின்னி," என்றார் கடைசியில். "ரெண்டும். தூளாயிடுச்சு."

புகை கலைந்தபோது ப்ராசர் தொப்பியைக் கழற்றி, என் கையிலிருந்த துப்பாக்கிக்கு ஒரு வணக்கம் வைத்தார். "நிரபராதி. கர்னல் கொஞ்சம் குள்ளமா இருந்திருப்பாரு போல."

"கர்னலோட சம்சாரமா இருந்திருக்கும்," என்றார் பெவன்.

குன்றே சிரித்தது. லயனலும் சிரித்தார், மற்றவர்களுக்குப் பிறகு, கொஞ்சம் தாமதமாக. சட்டப்படி என் ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டு அங்கேயே டீ போடத் தொடங்கினார். அந்த டீயைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பதே நல்லது. எல்லோரும் குடித்தார்கள். மரியாதைக்காக.

கட்டையைக் காப்பாற்றினேனா, அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டேனா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தும் எனக்கே தெரியவில்லை. கூடத்தில் நுழைந்ததும் அவர் ஒரு பாரோமீட்டரைத் தட்டிப் பார்த்தார். மழை நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. அது புயல் என்றது.

கறுப்பு மருந்து சுட்டால் அன்றைக்கே குழலை வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அரித்துவிடும். அது லயனலுக்குப் பூஜை மாதிரி. துப்பாக்கி மேசையில் கிடந்தது, நான்தான் வைத்திருந்தேன். அவர் கெண்டியில் வெந்நீர் கொண்டு வந்தார். துணி, எண்ணெய்ப் புட்டி, நீளக் குச்சி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். வைத்துவிட்டு நின்றார். கையை நீட்டவில்லை. வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு என்மேல் கோபம் என்று நினைத்து, நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வின்னி."

"என்ன?"

"எடுக்கலாமா?"

கொஞ்ச நேரம் சட்டியைக் கிளறிக்கொண்டே இருந்தேன். கேட்டுவிட்டார் என்பதற்காக முறையை விட்டுவிட முடியுமா?

"கை கழுவிட்டு எடு," என்றேன்.

அவர் குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டுத்தான் கழுவினார்.