காற்றுக்கு முன்கூட்டியே போட்ட இடம்

வெள்ளிக்கிழமை காலை மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள கொம்பியூட்டர் கடையில் இருந்தவர்கள்: கடைக்காரர் சனூன் நானா. தோட்டவெளிக் கிராமத்தில் விடியக் கரண்ட் போய்விட்டதென்று, ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்த றிம்ஷா. அவளுடைய உம்மா ஸுஹறா. பிறகு யசோதரன், அதாவது நான். பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருஷத்தில் விட்டு, கொழும்பில் ஒரு இரவு வேலைக்குப் போய் அதையும் விட்டு, இப்போது இங்கே பிரிண்டர் திருத்துகிறேன்.

றிம்ஷாவின் இறுதி ஆய்வு பன்னிரண்டு மணிக்கு முன் இணையத்தில் ஏற வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான்.

"இன்னொரு வருஷம் இவட வாப்பா படிக்க அனுப்பமாட்டார், மகன்," என்றார் ஸுஹறா. "பெரிய மகளுக்கும் அப்பிடித்தான் நிப்பாட்டினவர்."

ஆய்வின் தரவு, தலைமன்னார்க் கரையில் ஒரு வருஷம் அளந்த காற்று, வினாடிக்கு ஒரு அளவு. றிம்ஷா எழுதிய புரோகிராம் அதை ஒவ்வொன்றாக வாசித்துச் சேர்க்கிறது. இரவெல்லாம் ஓடியும் பாதி தாண்டவில்லை.

"ஒரு கிழமைத் தரவுக்கு உடன முடிஞ்சது, அண்ணா. இப்ப போகப் போக மெதுவாகுது."

அந்தச் சொல்தான் என்னைப் பிடித்தது. அவளுடைய புரோகிராமைத் திறந்து பார்த்தேன். வெறும் வரிசையில் தொடங்கி, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு இடம் கூட்டியிருந்தாள். இடம் கூட்டும்போதெல்லாம் மெஷின் புதிய வரிசை ஒன்றைச் செய்து, பழையது முழுவதையும் அதில் திரும்ப எழுதுகிறது. அதைச் சொன்னேன்.

சனூன் நானா சிரித்தார். "அதென்ன, பிந்தி ஒருத்தன் வந்தா சாப்பிடுற எல்லாரையும் எழுப்பி வேற பந்தலுக்குக் கொண்டு போறதா? எங்கட கல்யாண வீட்டில ஆறு பேர் சேந்து சாப்பிட ஒரு சஹன் தட்டு எண்டு, ஆள் வர முதலே வைச்சு முடிஞ்சிடும்."

"அப்பிடித்தான் முதலே எல்லா இடமும் போடவேணும்," என்றேன். "ஆனா ஓடுறதை நிப்பாட்டினா இரவு ஓடினது போயிடும்."

றிம்ஷா உம்மாவைப் பார்த்தாள். உம்மா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். படிப்பு இடையில் நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்னொரு ஆளுக்கு அது தேவையில்லை.

ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை அவளே நிறுத்தினாள். வருஷம் முழுவதற்கும் இடம் போட்டு, அதை ஒரே தரத்தில் பூச்சியங்களால் நிரப்பினாள். பிறகு, அளவுகளை ஒவ்வொன்றாக எடுக்கும் லூப் அந்தந்த இடத்தில் எழுத மட்டும் செய்தது. சனூன் நானாவின் தேத்தண்ணி ஆற முதல் முடிந்தது.

காற்றின் வரைபடம் திரையில் வந்தது. ஆடி மாதத்தில் காற்று பல நாள் பூச்சியத்தில் கிடந்தது.

"என்ன பிள்ளை, ஆடியில அடிக்கிற சோழகக் காத்து லீவில போயிட்டுதோ?" என்றார் நானா.

றிம்ஷா நகத்தைக் கடித்தாள். திடீரென்று, "கருவி பழுதான நாள்!" என்றாள். "அளவு இல்லாத இடத்தை என்ர லூப் தாண்டிப் போகுது. நான் போட்ட பூச்சியம் அங்கேயே நிக்குது."

"வராதவனையும் பந்தியில எண்ணிப்போட்டியள்."

"ஓம் நானா." பூச்சியத்துக்குப் பதிலாக, 'இங்கே அளவு இல்லை' என்று காட்டும் குறியால் வரிசையை நிரப்பி, சராசரி எடுக்கும்போது அந்த இடங்களை விடச் சொன்னாள். திரும்ப ஓட்டினாள். ஆடியில் காற்று ஆடிக்காற்றாகவே அடித்தது.

படங்களை மாற்றி, முடிவுரையில் இரண்டு வசனம் திருத்தி, ஆய்வை அனுப்பினாள். 'கிடைத்தது' என்று திரையில் வந்தது. ஸுஹறா "அல்ஹம்துலில்லாஹ்" என்று கதிரையில் சாய்ந்தார். எனக்குப் பசித்தது. காலையிலிருந்து அப்போதுதான் பசித்தது.

சனூன் நானா ஏற்கனவே தொப்பி போட்டுவிட்டார். ஜும்ஆத் தொழுகைக்குக் கடை பூட்ட வேண்டும். றிம்ஷா இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்து எங்கயும் போகாது, பிள்ளை. எழும்புங்கோ."

அவள் மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைசியாக வெளியே வந்தாள். நானா அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.